மாட்டுவண்டியில் தொடங்கிய பயணம்: புவேர்ட்டோ ரிக்கோ மக்களின் இடப்பெயர்வும் அடையாளமும்

பத்திரிகை அலுவலகத்தில் வெளிநாட்டுச் செய்திகளை மொழிபெயர்த்துக் கொண்டிருந்த நாட்களில், புவேர்ட்டோ ரிக்கோ என்ற பெயர் பெரும்பாலும் சூறாவளிச் செய்திகளோடு மாத்திரமே எனது மேசைக்கு வந்து சேரும். 1998 செப்டெம்பரில் ஜோர்ஜஸ் சூறாவளி அத்தீவைத் தாக்கியபோது சில நாட்களுக்கு அதன் பெயர் அடிபட்டது. காற்று ஓய்ந்ததும் தீவும் செய்திகளில் இருந்து மறைந்து போனது. 2017 செப்டெம்பரில் மரியா சூறாவளி வந்தபோது மீண்டும் அதே கதை. அந்தச் சூறாவளியில் 64 பேரே இறந்ததாக முதலில் அறிவிக்கப்பட்டது. பின்னர் ஜோர்ஜ் வாஷிங்டன் பல்கலைக்கழகம் மேற்கொண்ட ஆய்வின் அடிப்படையில் 2018இல் அந்த எண்ணிக்கை 2,975 என்று ஏற்றுக்கொள்ளப்பட்டது. மரியாவுக்குப் பின்னர் பல்லாயிரக்கணக்கானோர் தீவைவிட்டு வெளியேறி புளோரிடாவிலும் வேறு மாநிலங்களிலும் குடியேறினர்.

ஆனால், அந்த மக்களை ஊரைவிட்டுக் கிளப்பியது காற்று மட்டுமல்ல. இன்று ஐக்கிய அமெரிக்கப் பெருநிலப்பரப்பில் வாழும் புவேர்ட்டோ ரிக்கர்கள் ஏறக்குறைய 60 இலட்சம் பேர். 2020 சனத்தொகைக் கணக்கெடுப்பின்படி தீவில் எஞ்சியிருந்தவர்களோ சுமார் 33 இலட்சம் பேர் மாத்திரமே. வீட்டில் இருப்பவர்களைவிட வெளியே இருப்பவர்கள் ஏறக்குறைய இரு மடங்கானோர். ஒரு சமூகம் இந்த நிலைக்கு எவ்வாறு வந்து சேர்ந்தது, வசதியான வாழ்வைத் தேடிச் சென்ற பயணத்தில் அது எதனை இழந்தது, இழந்ததாகச் சொல்லப்படுபவை எல்லாம் உண்மையிலேயே இழக்கப்பட்டனவா என்ற கேள்விகள் லத்தீன் அமெரிக்க வம்சாவளியினர் மத்தியில் நீண்டகாலமாக விவாதிக்கப்பட்டு வருபவை. புலம்பெயர்ந்த நாடுகளில் பிள்ளைகளை வளர்த்துக்கொண்டிருக்கும் எமது வாசகர்களுக்கும் இந்தக் கதை அந்நியமானதாக இருக்கப் போவதில்லை.

இதனை ஒரு நாடகத்தில் இருந்து தொடங்குவது பொருத்தமானது. ரெனே மார்க்கேஸ் புவேர்ட்டோ ரிக்கோவின் முக்கியமான நாடகாசிரியர்களில் ஒருவர். 1919இல் அரெசிபோ நகரில் பிறந்த அவர் விவசாயக் கல்வி கற்றவர். அவர் எழுதிய 'லா கரேத்தா' (மாட்டுவண்டி) என்ற நாடகம் 1953இல் நியூயோர்க்கில் மேடையேறியது. மலைநாட்டு விவசாயக் குடும்பம் ஒன்று கடனில் காணியை இழந்து, தட்டுமுட்டுச் சாமான்களை மாட்டுவண்டியில் ஏற்றிக்கொண்டு சான் ஹுவான் நகரின் கடலோரச் சேரியான லா பெர்லாவுக்குச் செல்கிறது. அங்கும் வாழ முடியாமல் நியூயோர்க்கின் புரொங்ஸ் பகுதிக்குப் போகிறது. மூன்று அங்கங்கள், மூன்று இடங்கள்.

குடும்பத்தின் முதியவரான டொன் சாகோ மண்ணைவிட்டு வர மறுத்து மலையிலேயே தங்கிவிடுகிறார். வளர்ப்பு மகனான லூயிஸ் எதிர்காலம் இயந்திரங்களின் கையிலேயே இருக்கிறது என்று உறுதியாக நம்புபவன். குடும்பத்தை ஒவ்வோர் இடமாக நகர்த்திச் செல்பவன் அவனே. சேரி வாழ்வில் இளைய மகன் திருட்டுக்காகப் பிடிபட்டுச் சீர்திருத்தப் பள்ளிக்கு அனுப்பப்படுகிறான். மகள் ஹுவானிதா பாலியல் வன்முறைக்கு ஆளாகிறாள். இறுதியில் லூயிஸ், தான் வியந்து நேசித்த இயந்திரம் ஒன்றிலேயே சிக்கி உயிரிழக்கிறான். தாய் கப்ரியேலாவும் ஹுவானிதாவும் அவனது உடலுடன் சொந்த மண்ணுக்குத் திரும்பிச் செல்லத் தீர்மானிப்பதுடன் நாடகம் முடிவடைகிறது.

மார்க்கேஸின் தீர்ப்பு தெளிவானது. பொருளாதார முன்னேற்றம் என்ற ஆசை மண்ணையும் மானத்தையும் உயிரையும் பறித்துவிடும். மீட்சி மண்ணுக்குத் திரும்புவதிலேயே உண்டு என்பதே அது. இந்தத் தீர்ப்பு அன்றைய புவேர்ட்டோ ரிக்கர்களை ஆழமாக உலுக்கியது என்பதை மறுப்பதற்கில்லை. ஆனால், அந்தக் குடும்பத்தின் கையில் இருந்து காணி எவ்வாறு போனது என்பதை அறிய வேண்டுமானால் நாம் நாடகத்தில் இருந்து வரலாற்றுக்குள் இறங்க வேண்டும்.

1898 ஜூலை 25ஆம் திகதி அமெரிக்கப் படைகள் தீவின் தெற்கே குவானிக்காவில் தரையிறங்கின. அந்த வருட இறுதியில் பாரிஸ் உடன்படிக்கையின் மூலம் ஸ்பெயின் புவேர்ட்டோ ரிக்கோவை அமெரிக்காவிடம் கையளித்தது. அடுத்த வருடம் ஆகஸ்டில் வீசிய சான் சிரியாக்கோ சூறாவளி மூவாயிரத்துக்கும் அதிகமானோரைப் பலிகொண்டதுடன் மலைநாட்டுக் கோப்பிச் செய்கையையும் நிர்மூலமாக்கியது. ஐரோப்பியச் சந்தையில் ஸ்பானிய ஆட்சிக்காலத்தில் இருந்த வாய்ப்புகளும் கோப்பிக்கு இல்லாமற் போயின. கோப்பி வீழ்ந்த இடத்தில் கரும்பு எழுந்தது. கரையோரச் சமவெளிகள் பெரும் சீனிக் கம்பனிகளின் வசமாகின. தனியொரு கம்பனி 500 ஏக்கருக்கு மேல் வைத்திருக்கக் கூடாது என்று 1900ஆம் ஆண்டு சட்டம் இயற்றப்பட்ட போதிலும், நான்கு தசாப்தங்களாக அதனை நடைமுறைப்படுத்த எவரும் அக்கறை காட்டவில்லை. கரும்பு வெட்டும் சில மாதங்களுக்கு வேலை கிடைக்கும். எஞ்சிய மாதங்களுக்கு அந்த மக்கள் வைத்த பெயர் 'செத்த காலம்'.

முதலாவது பெரும் வெளியேற்றமும் அப்போதே நிகழ்ந்தது. 1900ஆம், 1901ஆம் ஆண்டுகளில் ஐயாயிரத்துக்கும் அதிகமானோர் ஹவாய்த் தீவுகளின் கரும்புத் தோட்டங்களுக்குக் கூலிகளாக ஏற்றிச் செல்லப்பட்டனர். கப்பலிலும் ரயிலிலும் மீண்டும் கப்பலிலுமாக அமைந்த அந்தப் பயணத்தில் களைத்துப் போன சிலர் கலிபோர்னியாவிலேயே இறங்கித் தப்பிவிட்டனர்.

1917 மார்ச்சில் ஜோன்ஸ் சட்டத்தின் மூலம் தீவு மக்களுக்கு அமெரிக்கக் குடியுரிமை வழங்கப்பட்டது. இதனால் புவேர்ட்டோ ரிக்கர் ஒருவர் நியூயோர்க்குக்குச் செல்வது, சட்டத்தின் பார்வையில், ஒரு மாநிலத்தில் இருந்து இன்னொரு மாநிலத்துக்குச் செல்வதைப் போன்றதே. விசா இல்லை; எல்லைக் காவல் இல்லை. ஆனால், தீவில் வாழ்பவர் அமெரிக்க ஜனாதிபதித் தேர்தலில் வாக்களிக்க முடியாது. இது இன்றுவரை நீடிக்கும் விசித்திரம்.

மொழி விடயத்திலும் வாஷிங்டன் சும்மா இருக்கவில்லை. ஏறக்குறைய அரை நூற்றாண்டாகப் பாடசாலைகளில் ஆங்கிலத்தைப் போதனா மொழியாக்கும் முயற்சி, காலத்துக்குக் காலம் வடிவம் மாறினாலும், விடாமல் தொடர்ந்தது. 1932 வரை தீவின் பெயரைக் கூட அமெரிக்க நிர்வாகம் 'போர்ட்டோ ரிக்கோ' என்றே எழுதி வந்தது. இவ்வளவும் செய்தும் ஸ்பானிய மொழியை அசைக்க முடியவில்லை. 1949இல் பாடசாலைகளில் ஸ்பானிய மொழியே மீண்டும் போதனா மொழியாகியது. மொழிச் சட்டங்களின் விளைவுகளோடு வாழ்ந்து பழகிய எமக்கு இந்த வரலாறு தரும் செய்தி எளிதில் விளங்கும். ஆனால், கதை அத்துடன் முடிந்துவிடவில்லை.

1938இல் லூயிஸ் முனோஸ் மரீன் மக்கள் ஜனநாயகக் கட்சியைத் தொடங்கினார். கவிஞராகவும் பத்திரிகையாளராகவும் அமெரிக்காவில் வாழ்ந்துவிட்டுத் திரும்பிய அவர், தந்தையார் தொடங்கிய 'லா டெமோக்ரேசியா' பத்திரிகையின் ஆசிரியராகவும் இருந்தவர். கட்சியின் சுலோகம் 'பாண், காணி, சுதந்திரம்' என்பதாகும். சின்னமாக அவர் தேர்ந்தெடுத்தது ஓலைத்தொப்பி அணிந்த மலைநாட்டு விவசாயி ஒருவரின் பக்கவாட்டு முகத்தை. அந்த விவசாயியை அங்கு ஹீபரோ என்று அழைப்பர். நகரத்தவரின் வாயில் 'பட்டிக்காட்டான்' என்ற ஏளனச் சொல்லாக இருந்த ஹீபரோ, தேசத்தின் முகமாக உயர்த்தப்பட்டார். மக்கள் அந்தத் தொப்பிக்கு அள்ளி வழங்கினார்கள். 1948இல் முனோஸ் மரீன் மக்களால் தெரிவு செய்யப்பட்ட முதலாவது ஆளுநரானார்.

ஆனால், அவரது அரசாங்கம் முன்னெடுத்த பொருளாதாரத் திட்டத்தில் ஹீபரோவுக்கு இடம் இருக்கவில்லை. 1947இல் இயற்றப்பட்ட சலுகைச் சட்டத்தின் மூலம் அமெரிக்கத் தொழிற்சாலைகளுக்கு வரிவிலக்கு அளிக்கப்பட்டது. தொழிற்சாலைகள் வந்தன, வீதிகளும் வைத்தியசாலைகளும் பாடசாலைகளும் வந்தன. சராசரி வாழ்க்கைத் தரம் உயர்ந்தது என்பதும் உண்மையே. அதே வேளை, விவசாயத்தில் இல்லாமற் போன வேலைகளின் எண்ணிக்கைக்குத் தொழிற்சாலைகளால் ஈடுகொடுக்க முடியவில்லை. திட்டமிட்டவர்களின் கணக்கில் ஒரு பகுதி மக்கள் 'மேலதிக சனத்தொகை' ஆனார்கள். 1965ஆம் ஆண்டளவில் பிள்ளை பெறும் வயதிலிருந்த தாய்மாரில் ஏறக்குறைய மூன்றிலொரு பகுதியினர் கருத்தடைச் சத்திரசிகிச்சைக்கு உட்படுத்தப்பட்டிருந்தனர் என்பது அந்தக் கணக்கின் ஒரு முகம். விமானம் அதன் மறுமுகம். இடப்பெயர்வை ஊக்குவிக்கவும் இல்லை, தடுக்கவும் இல்லை என்பது அரசாங்கத்தின் உத்தியோகபூர்வ நிலைப்பாடு. எனினும், போகிறவர்களுக்கு வேலை தேடிக் கொடுக்க 1948இலேயே நியூயோர்க்கில் ஒரு அலுவலகம் திறக்கப்பட்டது.

1940இல் பெருநிலப்பரப்பில் வாழ்ந்த புவேர்ட்டோ ரிக்கர்கள் ஏறக்குறைய 70,000 பேர். 1950இல் அது 3 இலட்சமாகி, 1960இல் 9 இலட்சத்தை நெருங்கியது. அப்போது தீவின் மொத்தச் சனத்தொகையே 23 இலட்சம் அளவில்தான் இருந்தது. கப்பலில் அன்றி விமானத்தில் நிகழ்ந்த முதலாவது பெரும் இடப்பெயர்வு இதுவே என்று வரலாற்றாசிரியர்கள் குறிப்பிடுவதுண்டு. மாலையில் சான் ஹுவானில் ஏறியவர் விடிவதற்குள் நியூயோர்க் குளிரில் நின்றார்.

இந்த இடத்தில் மார்க்கேஸுடன் நாம் சற்று முரண்பட வேண்டியிருக்கிறது. அவரது நாடகத்தில் லூயிஸின் ஆசையே குடும்பத்தைச் சீரழிக்கிறது. வரலாற்றிலோ, லூயிஸ் ஆசைப்படுவதற்கு முன்னரே காணி போய்விட்டது. கப்ரியேலா தனது மகனின் உடலுடன் எந்த மண்ணுக்குத் திரும்பினாள்? மலைநாட்டில் அவளுக்கு ஒரு துண்டுக் காணியும் மிச்சம் இருக்கவில்லை. பொருள் தேடிப் போனவர்களைப் பேராசைக்காரர்கள் என்று குற்றஞ்சாட்டுவது எளிது. அவர்கள் தேடியதில் பெரும்பகுதி ஒழுங்கான ஒரு சம்பளத்தையும் பிள்ளைகளுக்கு ஒரு சோடி சப்பாத்தையுமே.

நியூயோர்க்கில் கிழக்கு ஹார்லெம், தெற்கு புரொங்ஸ், லோவர் ஈஸ்ட் சைட் போன்ற பகுதிகளில் அவர்கள் செறிந்து வாழ்ந்தனர். தையல் தொழிற்சாலைகளிலும் ஹோட்டல் சமையலறைகளிலும் உழைத்தனர். ஆனால், அவர்கள் வந்து சேர்ந்த காலமே பிழையானது. 1950இல் 10 இலட்சம் அளவில் இருந்த அந்நகரின் உற்பத்தித் துறை வேலைகள் 1980இல் பாதியாகக் குறைந்துவிட்டன. ஏணியின் முதற்படியில் கால் வைத்த வேளையில் ஏணியே இழுக்கப்பட்டது. வாக்குரிமையும் முழுமையாகக் கிடைக்கவில்லை. ஆங்கிலத்தில் எழுத வாசிக்கத் தெரிந்தால் மாத்திரமே வாக்களிக்கலாம் என்ற நியூயோர்க் மாநில விதி, ஸ்பானிய மொழியில் கல்வி கற்ற பிரஜைகளைத் தடுத்து வைத்திருந்தது. 1965ஆம் ஆண்டின் வாக்குரிமைச் சட்டமே அதனை நீக்கியது.

இரண்டாம் தலைமுறையின் குரலை முதலில் உரத்து ஒலித்தவர் பெட்ரோ பியெத்ரி. 1944இல் பொன்சே நகரில் பிறந்து குழந்தையாக நியூயோர்க்குக்குக் கொண்டுவரப்பட்டவர்; வியட்நாம் போருக்கு அனுப்பப்பட்டுத் திரும்பியவர். 'புவேர்ட்டோ ரிக்கோ மரண அறிவித்தல்' என்று தமிழில் சொல்லத்தக்க அவரது நீண்ட கவிதை 1969இல் பொதுமேடையில் வாசிக்கப்பட்டு 1973இல் நூலாக வெளிவந்தது. நேரத்துக்கு வேலைக்குப் போய், கட்டளைக்குப் பணிந்து, கடனாளிகளாகவே இறந்து போகும் ஐந்து சாதாரண மனிதர்களைப் பற்றியது அது. நல்ல வீடு, லொத்தர்ப் பரிசு, பக்கத்து வீட்டாரைவிட ஒரு படி உயர்வு என்று கனவு கண்டு ஒருவர் மீது மற்றவர் பொறாமையும் கொண்டு வாழ்ந்து முடிந்தவர்கள் அவர்கள். மார்க்கேஸைப் போலவே பியெத்ரியும் பொருளாசையைச் சாடுகிறார். ஆனால், மலைக்குத் திரும்பிப் போங்கள் என்று அவர் கூறவில்லை. தம்மைத் தாமே வெறுக்காமல் தமது மொழியோடும் நிறத்தோடும் நியூயோர்க்கிலேயே நிமிர்ந்து நிற்க முடியும் என்பதே அவரது நம்பிக்கை. அதே காலத்தில் கவிஞர் மிகேல் அல்காரினின் வீட்டுக் கூடத்தில் தொடங்கிய நுயோரிக்கன் கவிஞர் அரங்கமும் இந்த நம்பிக்கையில் பிறந்ததே. நியூயோர்க்கர், புவேர்ட்டோ ரிக்கர் என்ற இரு சொற்களும் ஒட்டிப் பிறந்த நுயோரிக்கன் என்ற சொல், தீவில் முதலில் ஏளனமாகவே வழங்கியது. அதனை அவர்கள் தமது பெயராக வரித்துக்கொண்டார்கள்.

ஆசை என்பதற்கு இன்னொரு பொருளும் உண்டு என்று காட்டியவர் அன்டோனியா பந்தோஹா. தொழிற்சாலைத் தொழிலாளியாக நியூயோர்க் வாழ்வைத் தொடங்கிய இந்த ஆசிரியை, 1961இல் இளைஞர்களின் கல்விக்காக ஒரு அமைப்பை நிறுவினார். அதற்கு அவர் சூட்டிய பெயர் 'அஸ்பீரா'. மேலானதை நாடு என்று அதற்குப் பொருள் கொள்ளலாம். அந்த அமைப்பு தொடுத்த வழக்கின் பயனாக 1974இல் நியூயோர்க் நகரக் கல்விச் சபை ஆங்கிலம் போதிய அளவு தெரியாத பிள்ளைகளுக்கு ஸ்பானிய மொழியிலும் பாடம் நடத்த உடன்பட்டது. முன்னேற வேண்டுமானால் தாய்மொழியை வாசலில் விட்டுவிட்டு வரவேண்டும் என்ற நிபந்தனையை அவர் ஏற்கவில்லை.

இருந்தும் மொழி தேய்ந்தது. இதுவே இந்த வரலாற்றில் என்னை மிகவும் சிந்திக்க வைத்த அம்சம். ஐம்பது வருட அரசாங்க உத்தரவுகளால் தீவில் அசைக்க முடியாதிருந்த ஸ்பானிய மொழி, எந்த உத்தரவும் இன்றி நியூயோர்க்கின் அடுக்குமாடி வீடுகளுக்குள் தளர்ந்தது. பாடசாலை, தொலைக்காட்சி, தெரு, வேலைக்கான நேர்முகத் தேர்வு ஆகிய எல்லாம் ஒரே திசையில் இழுத்தன. பிள்ளை தடுமாறக் கூடாதே என்ற தாயின் பாசமும் சில வீடுகளில் அதே திசையிலேயே இழுத்தது.

இது புவேர்ட்டோ ரிக்கர்களுக்கு மாத்திரம் உரிய நிலைமை அல்ல. பியூ ஆய்வு நிலையம் 2017இல் வெளியிட்ட அறிக்கையின்படி, லத்தீன் அமெரிக்க வம்சாவளியினரில் குடியேறிய தலைமுறையினர் 97 சதவீதத்தினர் தம்மை ஹிஸ்பானியர் என்றே அடையாளப்படுத்தினர். மூன்றாம் தலைமுறையில் அது 77 சதவீதமாகவும் நான்காம் தலைமுறையிலும் அதற்குப் பின்னரும் 50 சதவீதமாகவும் குறைந்தது. அதே நிலையம் 2023இல் வெளியிட்ட இன்னோர் ஆய்வு, ஸ்பானிய மொழி குறைவாகவே தெரிந்த அல்லது அறவே தெரியாத லத்தீனோக்களில் 54 சதவீதமானோர் அதன் காரணமாகச் சக லத்தீனோக்களால் சிறுமைப்படுத்தப்பட்டதாகக் கூறியதைப் பதிவு செய்தது. இந்த இரண்டாவது தகவல் முதலாவதைவிட வேதனையானது. மொழியைக் கைமாற்றிக் கொடுக்கத் தவறிய சமூகம், அது கிடைக்காத பிள்ளையையே குற்றவாளிக் கூண்டில் ஏற்றுகிறது.

எஸ்மெரால்டா சாந்தியாகோ இதனை நேரடியாக அனுபவித்தவர். 1961இல் பதின்மூன்று வயதில் தாயுடன் புரூக்ளினுக்கு வந்த அவர் பின்னர் ஹார்வார்ட் பல்கலைக்கழகம் வரை சென்றார். 1993இல் வெளியான அவரது சுயசரிதையின் தலைப்பு 'நான் புவேர்ட்டோ ரிக்கராக இருந்தபோது' என்ற இறந்தகாலச் சொல்லால் அமைந்தது. தீவுக்குத் திரும்பிச் சென்றபோது, நடையிலும் பேச்சிலும் நீ எங்களில் ஒருத்தி அல்ல என்று அவருக்குச் சொல்லப்பட்டது. அமெரிக்காவிலோ அவர் என்றும் புவேர்ட்டோ ரிக்கரே. இரு கரைகளிலும் இடமில்லாத நிலை அது. ஆனால், அந்த ஹீபரோ வாழ்வைப் பற்றிய மிக நெருக்கமான சித்திரங்களில் ஒன்றை ஆங்கிலத்தில் எழுதித் தந்தவரும் அவரே என்பதைக் கவனிக்க வேண்டும்.

அடையாளம் மலையிலேயே தங்கிவிட்டது என்று கொண்டால் வேறு சிலவற்றையும் விளக்க முடியாது போகும். 1948ஆம் ஆண்டின் 'வாய்ப்பூட்டுச் சட்டம்' என்று பெயர்பெற்ற சட்டத்தின் கீழ் சுதந்திரக் கொடியை ஏற்றுவதே குற்றமாக இருந்தது. அந்தச் சட்டம் 1957இல் நீக்கப்பட்டது. அடுத்த வருடமே நியூயோர்க் வீதியில் புவேர்ட்டோ ரிக்கோ தின ஊர்வலம் அந்தக் கொடியுடன் தொடங்கியது. சல்சா இசை பெரும் வளர்ச்சி கண்டதும் நியூயோர்க்கில்தான். பொன்சேயில் இருந்து 1963இல் வந்த எக்டர் லவோவும், புரொங்ஸில் பிறந்த வில்லி கொலோனும் இணைந்து பாடிய பாடல்கள் தீவுக்குத் திரும்பிச் சென்று அங்குள்ளவர்களின் சொந்தமாயின.

இன்று காற்றின் திசை வேறொரு வகையில் மாறியிருக்கிறது. அமெரிக்கக் கம்பனிகளுக்கான பழைய வரிச்சலுகை 2006இல் முற்றாக முடிவடைந்ததும் தீவின் பொருளாதாரம் சரிந்தது. 7,000 கோடி டொலருக்கு மேற்பட்ட கடன் காரணமாக 2016இல் வாஷிங்டன் ஒரு நிதி மேற்பார்வைச் சபையை நியமித்தது. மக்கள் வெளியேறிக்கொண்டிருக்க, 2012ஆம் ஆண்டின் வரிச்சட்டத்தைப் பயன்படுத்திப் பெருநிலப்பரப்பின் செல்வந்தர்கள் வந்து குடியேறுகிறார்கள். கரையோரக் காணிகளின் விலை ஊரவர்களுக்கு எட்டாத உயரத்துக்குப் போய்க்கொண்டிருக்கிறது. 2025இல் பேட் பனி என்ற பெயரில் உலகப் புகழ்பெற்ற பாடகர் வெளியிட்ட இசைத் தொகுப்பில் ஹவாய்க்கு நேர்ந்த கதி தமது தீவுக்கும் நேரக்கூடாது என்று எச்சரிக்கும் பாடல் ஒன்று உண்டு. அதே தொகுப்பில் பழைய மலைநாட்டு இசையின் சாயலும் உண்டு. நியூயோர்க்கில் வளர்ந்த சல்சாவும் உண்டு. அந்த வருடம் உலகச் சுற்றுப்பயணத்துக்கு முன்னதாக அவர் சான் ஹுவானிலேயே தொடர்ந்து பல வாரங்கள் இசை நிகழ்ச்சிகளை நடத்தினார். வெளியே பிறந்து வளர்ந்தவர்கள் விமானம் ஏறித் தீவுக்கு வந்து அவற்றைப் பார்த்தார்கள்.

ஹவாய் என்ற பெயரைக் கேட்டதும் எனக்கு 1900ஆம் ஆண்டின் அந்தக் கப்பல்கள் நினைவுக்கு வந்தன. அன்று காணியை இழந்தவர்கள் ஹவாய்க்கு ஏற்றப்பட்டார்கள். நூற்றிருபத்தைந்து வருடங்களின் பின்னர் ஹவாயைக் காட்டி, மிஞ்சியிருக்கும் காணியையாவது காப்பாற்றுங்கள் என்று ஓர் இளைஞர் பாட நேர்ந்திருக்கிறது. மார்க்கேஸ் மண்ணைப் பற்றிச் சொன்னதில் அந்த அளவுக்கு உண்மை இருக்கவே செய்கிறது. ஆனால், விமானம் ஏறிய தாய்மாரையும் மொழி தடுமாறும் பேரப்பிள்ளைகளையும் விசாரிப்பதற்கு முன்னர், அவர்கள் விட்டுச்சென்ற காணி இன்று யாருடைய பெயரில் இருக்கிறது என்று கேட்பதே நியாயமானது.